பின்சில்லின் குடத்துக்குள்ளே

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை கிடையாது. கீரிமலை என்றொரு பெயர் உண்டு. அங்கு சென்று மலையைத் தேடுவோர் கடலைக் கண்டு திரும்புவர். அவ்வாறிருந்தும், எமது கல்லூரி வளவில் நிற்கும் துவிச்சக்கரவண்டிகளிற் பாதிக்கு மேற்பட்டவை இன்று மலைச் சைக்கிள்களே. பருத்த ரயரும் பல பற்சில்லுகளும் கொண்ட இவற்றுக்கு இந்தச் சமதரையிலே என்ன வேலை என்று நாமும் ஒரு காலத்தில் நகைத்ததுண்டு. மாரிகாலத்து ஒழுங்கைகளில் உள்ள குழிகளை எண்ணத் தொடங்கியபின் அந்த நகைப்பு அடங்கிற்று. மலையேறுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி, குழியில் இறங்கி ஏறுவதற்கும் உதவும் அல்லவா?

2022ஆம் ஆண்டிலே பெற்றோல் கிடையாது நாடு தவித்தபோது சைக்கிளின் மதிப்பு திடீரென உயர்ந்தது. மூலையிற் கிடந்தவை யாவும் வெளியே வந்தன; கைமாறின. அவ்விதம் கைமாறிய மலைச் சைக்கிளொன்று வேலணையிலுள்ள கடற்றொழிலாளர் ஒருவரின் வீட்டை அடைந்தது. அவருடைய மகன் எம்மிடம் பௌதிகவியல் கற்றவன். அவன் பெயர் இங்கு வேண்டாம். மாணவன் என்றே கூறுவோம். நாள்தோறும் பண்ணைத் தெருவைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து படிப்பவன் அவன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தத் தெருவிலே காலையில் வாடைக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் உழக்குவதென்றால் அது பழகியவர்க்கே தெரியும். இருமருங்கும் கடல், மேலே மழை, கீழே உப்புநீர் தெறிக்கும் பாதை. அவனுடைய கரியரில் சில நாட்களில் தங்கையும் இருப்பாள்.

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், உயர்தரப் பரீட்சைக்கு நான்கு வாரமளவே இருந்தபோது, அம்மாணவன் ஒரு மாலைப்பொழுதிலே தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எமது வீட்டுக்கு வந்தான்.

“சேர், பின்சில்லு ஆடுது. கடையில காட்டினன். சில்லையே மாத்தோணுமாம்” என்றான்.

முழுச் சில்லையும் மாற்றுவதற்கு வேண்டிய பணம் அவன் வீட்டில் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

நாம் சைக்கிள் திருத்துந் தொழில் கற்றவரல்லேம். ஆயினும் மாணவப் பருவம் முதலே ஸ்பனரும் கையுமாக முற்றத்தில் இருந்து பழகியவர். அந்தப் பழக்கம் தந்த துணிவு பொல்லாதது. றிம்மைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினோம், ஆடிற்று. இடப்பக்கத்துப் பூட்டு நட்டைத் தளர்த்தினோம், கோனைச் சற்றுத் திருகி இறுக்கினோம், ஆட்டம் நின்றது. பதினைந்து நிமிடமும் ஆகவில்லை. தேநீர் அருந்திவிட்டு அவன் சென்றான். கடைக்காரர் ஒருவரின் தீர்ப்பைப் பதினைந்து நிமிடத்தில் மாற்றிவிட்டோம் என்ற பெருமையுடன் நாம் அன்றிரவு உறங்கினோம்.

ஐந்தாம் நாள் மாலை, பண்ணைத் தெருவின் நடுவிலே, மழையும் வாடையும் ஒருங்கே அடித்துக்கொண்டிருந்த வேளையில், அந்தச் சைக்கிளின் பின்னச்சு முறிந்தது. கரியரிலே தங்கை இருந்தாள். சில்லு ஒருபக்கமாகச் சரிந்து கவையிலே இறுகிக்கொண்டது. இருவரும் விழவில்லை, அதுவே பெரிது. சுழலாத பின்சில்லைக் கையில் தூக்கியபடி, இருட்டிலே, இருவரும் வேலணை வரை நடந்து சென்றனர். அந்த ஒடுங்கிய பாதையிலே பஸ்ஸும் லொறியும் எவ்வளவு அருகில் உராய்ந்து செல்லும் என்பதை அறிந்தவர் நாம்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் பஸ்ஸில் வந்து, முதற்பாடம் முடிந்தபின் வகுப்பினுள் நுழைந்தான். இடைவேளையின்போது எம்மிடம் வந்து, “அச்சு முறிஞ்சு போச்சு சேர்” என்று மட்டும் சொன்னான். எம்மை நோகும் சொல் ஒன்றும் அவன் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கேட்காமல் விட்ட கேள்விகள்

சில்லின் நடுவிலே ஆரக்கால்கள் யாவும் வந்து பொருந்தும் பகுதியை எமது வண்டித் தச்சர் குடம் என்பர். சைக்கிளிலும் அஃது அதுவே, கடைவழக்கில் ஹப். குடத்தின் இரு முனைகளிலும் உட்புறம் கிண்ணம்போற் குழிந்த கப் உண்டு. ஊடே செல்லும் அச்சிலே கூம்புபோன்ற கோன் இரண்டு திருகப்பட்டிருக்கும். கப்புக்கும் கோனுக்கும் இடையே உருக்குக் குண்டுகள். இந்தக் குண்டுப் போதிகையைச் சைக்கிளுக்குப் பொருத்தும் உரிமையைப் பாரிஸ் நகரத்துச் சைக்கிள் வினைஞரான ஜூல்ஸ் சூரிறே என்பவர் 1869ஆம் ஆண்டிலே பெற்றார். அன்றிலிருந்து இன்றுவரை மலிவான சைக்கிளின் குடத்துக்குள்ளே அடிப்படையான மாற்றம் ஒன்றும் நிகழவில்லை எனலாம்.

அமைப்பு எளிது. ஆயினும் பழுதைக் கண்டுபிடித்தல் எளிதன்று. ஏனெனில், சைக்கிளின் சட்டம் உள்ளீடற்ற குழாய்களால் ஆனது. ஓரிடத்திற் பிறந்த சத்தம் அதனூடே ஓடி வேறோரிடத்திற் கேட்கும். பெடலிற் பிறந்த சத்தத்துக்காகப் பின்சில்லைக் கழற்றியவர்கள் பலர். ஆகவே சத்தத்தைக் கேட்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

சந்தடியற்ற ஒழுங்கை ஒன்றிலே முதலில் உழக்கிச் செல்ல வேண்டும். பின் உழக்குவதை நிறுத்திச் சைக்கிளைத் தானாக ஓடவிட வேண்டும். உழக்கும்போது மட்டும் சத்தம் வருமாயின், பெடல், பெடல் அச்சு, சங்கிலி ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். ஓடவிடும்போது மட்டும் கரகரப்பு உண்டாயின் பிறீவீலை நோக்க வேண்டும். இரு நிலையிலும் ஒரே விதமாக வருமாயின், அது சில்லுக்கே உரியது. பிறீவீலின் ‘டிக் டிக்’ ஒலி பழுதன்று. உள்ளேயுள்ள சிறு நாக்குகள் பற்களின்மீது தாவுகின்ற ஒலி அது. மலைச் சைக்கிளுக்கென்றே ஒரு மயக்கமும் உண்டு. முண்டு முண்டான அதன் ரயர் தார்த்தெருவில் உறுமும். குடம் தேய்ந்ததாகவே தோன்றும். மணற்றரையில் உருட்டியதும் அவ்வுறுமல் மறையுமாயின் குடத்துக்கு வழக்கில் இடமில்லை.

அடுத்தது ஆட்டம். பின்னச்சின் வெளி நட்டுகள் இரண்டும் இறுகியுள்ளனவா என்பதை முதலிற் பார்த்துவிட வேண்டும். பல ‘பழுதுகள்’ அங்கேயே முடிந்துவிடும். பின்பு சட்டத்தை ஒரு கையாற் பற்றி, பிறேக் கட்டைக்கு அருகே றிம்மை மறு கையால் இருபக்கமும் தள்ள வேண்டும். சில்லைக் காற்பங்கு சுழற்றி மீண்டும் தள்ள வேண்டும். றிம் பிறேக் கட்டையில் உராய்வது ஒவ்வொரு சுற்றிலும் றிம்மின் ஒரே இடத்திலாயின், அது றிம் கோணல். கம்பிகளை முறுக்கித் தீர்க்க வேண்டியது. சில்லு எந்நிலையில் நின்றாலும் ஒரே அளவாக ஆடுமாயின், கோன் தளர்ந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

இவ்வளவையும் நாம் அன்று அரைகுறையாகச் செய்தோம். செய்யாது விட்டவை இரண்டு.

முதலாவது, மாணவனிடம் ஒரு கேள்வி: “தம்பி, பிறேக் கட்டையில் எப்போது உராய்கிறது?” பின்னர் கேட்டபோது, தங்கை கரியரில் ஏறியதும் உராயும், இறங்கியதும் நின்றுவிடும் என்றான். பாரம் ஏறும்போது மட்டும் சில்லு சரிகின்றதென்றால் அங்கே பாரத்தைத் தாங்கும் பொருளே வளைகின்றது என்பது பொருள். கோன் தளர்வுக்கும் அதற்கும் வெகுதூரம்.

இரண்டாவது, சில்லை வெளியே எடுத்து, அச்சின் முனையை இரு விரலாற் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்த்தல். நல்ல அச்சு வெண்ணெயிற் சுழல்வதுபோலச் சுழலும். மணல் நெருடுவதுபோல் உணர்ந்தால் குண்டோ கோனோ பொரிந்துவிட்டது. ஒரு நிலையில் இறுகி, மறு நிலையில் தளர்ந்து, முனை ஒரு சிறு வட்டம் வரைவதுபோற் சுற்றுமாயின் அச்சு வளைந்துவிட்டது, ஐயமே வேண்டாம். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் அண்ணனையும் தங்கையையும் நாம் மழையில் நடக்கவிட்டோம்.

முறிந்த முகம்

அவன் முறிந்த அச்சைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அதனை ஆய்வுகூட மேசையில் வைத்து, கைவில்லையால் நோக்கினோம். உருக்கின் முறிந்த முகம் இரண்டு நிறத்தில் இருந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பாதிக்கு மேல் கறுத்து, துருவேறி, மழமழப்பாக இருந்தது. எஞ்சிய சிறு பகுதி மட்டும் புதிதாய் உடைத்த கற்கண்டுபோல மணிமணியாக மின்னிற்று. இதன் பொருள் தெளிவு. அன்று மாலை முறிந்தது அந்த மின்னும் பகுதி மட்டுமே. மற்றைய பகுதி முன்னரே வெடித்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உட்சென்று, இடையிலே நீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. உலோகக் களைப்பு என்று நூல்களிற் கற்பிக்கிறோமே, அதுவே இது. ஒருமுறை தாங்கக்கூடிய பாரத்தையே பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கினால் உருக்கும் களைத்து வெடிக்கும்.

மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் வாக்கு. அச்சு எந்த இடத்திலே முறியும் என்பதை அவர் கூறவில்லை. அது சைக்கிள் திருத்துவோரின் பாடம். இத்தகைய சைக்கிள்களில் அது பெரும்பாலும் வலப்பக்கத்தில், கோனுக்கு அருகிலேயே முறியும். எம் கையிலிருந்ததும் அவ்விடத்திலேதான் முறிந்திருந்தது.

ஏன் வலப்பக்கம்? மலிவான மலைச் சைக்கிளிலே ஆறு அல்லது ஏழு பற்சில்லுகள் கொண்ட பிறீவீல், குடத்தின் வலப்புறத்திலே திருகி ஏற்றப்பட்டிருக்கும். அதற்கு இடம்விட வேண்டியிருப்பதால், வலப்பக்கத்துக் குண்டுகள் பிறீவீலுக்கு உள்ளே, சட்டத்தின் கவையிலிருந்து வெகுதூரம் தள்ளி அமைந்துவிடுகின்றன. கவைக்கும் அந்தப் போதிகைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை அங்குல நீளத்துக்கு அச்சு ஆதாரமின்றி நிற்கிறது. இடப்பக்கத்திலோ இந்த இடைவெளி மிகக் குறைவு. விசையைத் தூரத்தாற் பெருக்கினால் திருப்பம் என்று வகுப்பறையிலே கரும்பலகையில் எத்தனை ஆண்டுகளாக எழுதி வருகிறோம்! தூரம் இரட்டித்தால் திருப்பமும் இரட்டிக்கும். அச்சின் தடிப்போ பத்து மில்லிமீற்றருக்கு மேலில்லை. பழைய ஒற்றைப் பற்சில்லுச் சைக்கிளில் இந்த ஆதாரமற்ற நீளம் சிறிதாகையால், நெல்மூட்டையை ஏற்றியும் அச்சு தாங்கிற்று. பற்சில்லுகள் பெருகப் பெருக அச்சு நலிந்தது. ‘பழைய இரும்பு நல்ல இரும்பு’ என்று பெரியோர் கூறுவதில் உண்மை உண்டாயினும், இவ்விடத்தில் குற்றம் இரும்பிலன்று. இரும்பு நிற்கும் இடத்திலே.

சப்பானிய நிறுவனமான ஷிமானோ 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட பிறீஹப் என்னும் அமைப்பு இக்குறைக்குப் பரிகாரம். அதிலே பிறீவீலின் பொறிமுறை குடத்தோடு ஒன்றாக்கப்பட்டு, வலப்பக்கத்துக் குண்டுகள் வெளி ஓரத்துக்கு, கவைக்கு அருகே கொண்டுவரப்பட்டுள்ளன. ஆதாரமற்ற நீளம் சுருங்கவே அச்சு வளைவதும் அருகிற்று. விலை கூடிய மலைச் சைக்கிள்களில் இன்று காண்பது இதன் வழிவந்த அமைப்பே. ஆகவே முழுச் சில்லையும் மாற்றத்தான் வேண்டுமென்ற நிலை வந்தால், கடையிலே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பற்சில்லுத் தொகுதி திருகி ஏற்றுவதா, செருகி ஏற்றுவதா? செருகி ஏற்றுவதே பிறீஹப். திருகி ஏற்றும் அதே வகைச் சில்லையே மீண்டும் வாங்கினால், பணமும் போய், சில காலத்தில் அச்சும் போகும். பிறீஹப்புக்கு மாறுவதாயின் பற்சில்லுத் தொகுதியையும் புதிதாக வாங்க வேண்டும் என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். எமது மாணவனுக்கு அந்தக் கணக்குச் சரிவரவில்லை.

திருத்தம்

பிறீவீலைக் கழற்றாமல் வலப்பக்கக் குடத்தை ஒழுங்காகத் துப்புரவு செய்ய முடியாது. உழக்கும் ஒவ்வொரு உழக்கிலும் அது தானே இறுகிக்கொள்வதால், கையால் அசையாது. அதன் உட்பற்களிற் பொருந்தும் கழற்றி ஒன்று வேண்டும். அது எம்மிடம் இல்லை. ஆகவே சனிக்கிழமை காலையில் நாமும் மாணவனும் சில்லைத் தூக்கிக்கொண்டு, சைக்கிள் திருத்தியே தலை நரைத்த முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் கழற்றியை மேசைக் குறட்டில் நிறுத்தி, சில்லை அதன்மேல் கவிழ்த்து, றிம்மை லொறிச் சுக்கான்போற் பிடித்து இடப்பக்கமாக ஒரு திருப்புத் திருப்பினார். ‘டக்’ என்று விட்டது. நாம் முதல்முறை செய்ததை ஒளியாமற் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “வளைஞ்ச அச்சில கோனை இறுக்கினா ஆட்டம் நிக்கும் மாஸ்ரர். ஆனா குண்டெல்லாம் ஒரு பக்கமாத்தான் நெரிபடும்” என்றார். குடத்தைத் திறந்தபோது இடப்பக்கத்திலே ஒரு குண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அது எமது கைவேலை.

உள்ளே இருந்த கிறீஸ் பால்விட்ட கோப்பி நிறத்தில் இருந்தது. நீர் புகுந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். சைக்கிளைச் சேர்விஸ் நிலையத்திற் கொடுத்து அழுத்தமான நீராற் கழுவுவிப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மழை புகாத இடத்திலும் அந்த நீர் புகும். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று குடத்துக்குள் தேங்காயெண்ணெய் ஊற்றுவோரும் உளர். அது இருக்கிற கிறீஸையும் கரைத்து வெளியேற்றிவிடும். தேங்காயெண்ணெய் தலைக்கு ஆகட்டும்.

மண்ணெண்ணெயில் யாவற்றையும் கழுவித் துணியால் ஒற்றியபின், எஞ்சியிருப்பது எது, எறிய வேண்டியது எது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் கடைக்காரரின் தீர்ப்புக்கும் எமது தீர்ப்புக்கும் இடையே உள்ள வழக்குத் தீரும். கோன்களும் குண்டுகளும் அச்சும் தனியே விலைக்குக் கிடைக்கும். கப் அவ்வாறன்று, அது குடத்தினுள் அழுத்திப் பொருத்தப்பட்டது. கப் பொரிந்திருந்தால் குடமே போயிற்று. கடைக்காரர் சொன்னதே சரி. போல்பொயின்ற் பேனையின் முனையைக் கப்பின் ஓடுபாதையில் மெல்ல இழுத்துப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத குழியையும் அந்த முனை காட்டிக்கொடுக்கும். வலப்பக்கம் வழுவழுப்பு. இடப்பக்கமும் வழுவழுப்பு. மாணவன் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டது எமக்குக் கேட்டது.

இடப்பக்கக் கோனிலோ, ஒரு பக்கத்தில் மட்டும் அம்மைத் தழும்புபோற் பொரிந்திருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் என்று மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சில்லு சுழலும்போது கப் அதனுடன் சுழல்கிறது. ஆகவே தேய்வு அதன் வட்டம் முழுவதும் பரவுகிறது. கோனோ அச்சுடன் அசையாது நிற்பது. மேலிருந்து வரும் பாரம் எந்நாளும் அதன் அடிப்பக்கத்திலேயே விழுகிறது. தேய்வதும் அந்த ஓரிடமே.

புதிய அச்சு, அதனோடு வந்த கோன்களும் நட்டுகளும், கால் அங்குலக் குண்டுகள் பதினெட்டு: இவ்வளவே வாங்கினோம். புதிய சில்லொன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. பழைய அச்சிலிருந்து வாசர்களையும் இடைக்குழாயையும் கழற்றும்போது, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு கம்பியிற் கோத்து வைத்தோம். அந்த ஒழுங்கு மாறினால் சில்லு நடுவை விட்டு விலகும், கியரும் முரண்படும். வலப்பக்கக் கோனும் பூட்டு நட்டும் முதலில் இறுக்கப்பட வேண்டியவை. பின்னர் செய்யும் நுண்ணிய சரிபார்ப்பு முழுவதும் இடப்பக்கத்திலேயே.

கப்பிலே கிறீஸைத் தாராளமாகப் பூசி, பக்கத்துக்கு ஒன்பதாகக் குண்டுகளைப் பதிக்க வேண்டும். ஒன்பதும் வைத்தபின் ஒரு சிறு இடைவெளி எஞ்சும். பத்தாவதையும் வைத்துவிடலாமே என்று கை துடிக்கும், வைக்கலாகாது. குண்டுகள் உருளுவதற்கு அந்த இடைவெளி வேண்டும். பழையதையும் புதியதையும் கலப்பதும் ஆகாது. உருவத்திற் சிறிதே பெரிய குண்டுகள் பாரம் முழுவதையும் தாமே சுமந்து விரைவில் பிளந்துவிடும்.

கிறீஸ் பூசிக்கொண்டிருக்கையில், மலைச் சைக்கிளின் பிறப்பே குடத்துக்குள் கிறீஸ் அடைக்கும் வேலையோடு தொடர்புடையது என்ற வரலாற்றை மாணவனுக்குச் சொன்னோம். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதியிற் சில இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பழைய பாரமான சைக்கிள்களைத் தேடியெடுத்து, மலைப்பாதைகளில் இறங்கி விளையாடினர். பெயர்பக்ஸ் என்ற ஊருக்கு அருகே அவர்களுக்கிடையே முறைப்படி நடந்த முதலாவது போட்டி 1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதியது. அதனை ஒழுங்குசெய்தவர் சார்லி கெலி. அந்தப் பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்குடத்துக்குள்ளேயே பிறேக் பிடிக்கும். செங்குத்தான இறக்கத்திலே பிறேக்கை விடாது பிடிக்க, குடம் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகையாகிப் போகும். ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் குடத்தைத் திறந்து கிறீஸை மீள அடைக்க வேண்டியதாயிற்று. ‘மீள அடைத்தல்’ என்று பொருள்படும் றீபக் என்பதே அந்தப் பாதைக்கும் போட்டிக்கும் பெயராக நிலைத்தது. அவர்களுள் ஒருவரான ஜோ பிறீஸ் 1977இல் மலைக்கென்றே தனிச் சட்டம் அமைக்கத் தொடங்கினார். உலகெங்கும் பரவிய இந்த வண்டி, கிறீஸ் படிந்த கைகளிலேதான் பிறந்தது. மாணவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

இறுதிவேலையே பொறுமையைச் சோதிப்பது. இடப்பக்கக் கோனை விரலால் முட்டும்வரை திருகி, சிறிது பின்வாங்கி, மெல்லிய கோன் ஸ்பனரால் அசையாது பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது கோனும் சேர்ந்து நகரும். மீண்டும் தளர்த்து, மீண்டும் இறுக்கு. மாணவனையே செய்யவிட்டோம். ஆறாவது முறையிலே சரிவந்தது. ஆட்டமும் இல்லை, நெருடலும் இல்லை. பின்பு புரியிலே கிறீஸ் பூசிப் பிறீவீலைத் திருகி ஏற்றி, சில்லைச் சங்கிலி மாட்டாது கவையில் நிறுத்தி, வால்வைப் பக்கவாட்டில் வைத்துக் கையை விட்டோம். அந்தச் சிறு வால்வின் பாரத்தாலேயே சில்லு தானாக அசைந்து, ஊசல்போல் இங்குமங்கும் ஆடி, ஈற்றில் ஓய்ந்தது. குடம் இறுகியிருந்தால் அந்த ஊசலாட்டம் வராது. முதியவர் அதை ஓரக்கண்ணாற் பார்த்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். வெற்றிலைக்கு மட்டும் கொடுத்தோம்.

புறப்படும்போது மாணவன் தயங்கி நின்றான். “தங்கச்சியை ஏத்தலாமோ சேர்?” என்றான். ஏற்றாதே என்று சொல்லிவிடுவது எமக்கு எளிது. அவள் பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம் நிற்பாள் என்பது அவனுக்கல்லவா தெரியும்? கரியரின் கால்கள் அதுவரை அச்சின் முனைகளிலேயே பூட்டப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றிச் சட்டத்திலுள்ள துளைகளில் மாட்டினோம். அதனால் அச்சுக்குக் கிடைக்கும் ஆறுதல் சிறிதளவே. அதை மறைக்காது சொன்னோம். குழிகளில் அவளை இறக்கிவிட்டு உருட்டிச் செல், மாதம் ஒருமுறை சில்லைக் கழற்றி அச்சை விரலாற் சுழற்றிப் பார், வட்டம் வரைந்தால் அன்றே எம்மிடம் வா என்றோம்.

பரீட்சைக் காலம் முழுவதும் அந்தச் சைக்கிள் பண்ணைத் தெருவைக் கடந்து வந்தது. முறிந்த அச்சு எமது ஆய்வுகூடத்து அலுமாரியில் இருக்கிறது. திருப்பம் என்ற பாடம் வரும்போது அதனை வகுப்பிலே கைமாற்றிப் பார்க்கக் கொடுக்கிறோம். பரீட்சை முடிந்த வாரம் மாணவன் மீண்டும் வந்தான். இம்முறை ஊரவன் ஒருவனையும் அவனது சைக்கிளையும் கூட்டிவந்திருந்தான். அதிலும் பின்சில்லிலே சத்தமாம். நாம் ஸ்பனரை எடுக்கவில்லை. ஒழுங்கையிலே ஒருமுறை உழக்கியும், ஒருமுறை உழக்காமலும் ஓடிக்காட்டச் சொன்னோம். பெடல் அச்சிலேதான் ஏதோ இருக்கிறது.